செந்தூல் அச்சுக்கடையும் மேரி ஒன்யாலியும்

கோலாலம்பூரில், செந்தூல் பசாருக்குப் பக்கத்தில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அச்சுக்கடைக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் தருகிறேன். குறைத்த ஒரு நட்சத்திரம் நிறத்துக்காக. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. குறை சொல்லும் இடத்தில் பெயரையும் போட்டு ஒருவர் பிழைப்பில் கைவைக்க எனக்கு மனமில்லை. செந்தூல்காரர்களுக்கு இந்த அடையாளமே போதும். படியேறும்போது சாம்பார் வாசனை பாதி வழி வரை கூட வரும். அதற்கு மேல் மை வாசனை.

நான் தமிழ்ப்பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. பள்ளி விளையாட்டுப் போட்டியை ஒட்டி மண்டபத்தில் வைக்க ஆறு பலகைகளும், தரையில் ஒட்ட ஒரு நீளமான ஸ்டிக்கரும் அச்சிடக் கொடுத்திருந்தேன். பெரும்பாலும் நைஜீரிய விரைவோட்ட வீராங்கனை மேரி ஒன்யாலியைப் பற்றியவை. இதுபோன்ற பலகைகளில் உசேன் போல்ட் வில் வளைக்கும் படத்தைத்தான் எல்லாரும் போடுவார்கள். அந்தக் கடையிலும் அது தயாராகவே இருந்தது. பள்ளியின் பெயரையும் சின்னத்தையும் மாற்றினால் வேலை முடிந்தது, விலையிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்றார் முதலாளி. வேண்டாம் என்றதும் அவர் வற்புறுத்தவில்லை. வியாபாரிகளிடம் எனக்குப் பிடித்த குணம் இது.

ஒன்யாலியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அஞ்சல் ஓட்டம். நான்கு பேரைத் தேர்ந்து நிறுத்தினால், மறுநாள் காலையில் பெற்றோர் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கேட்கும் முதல் கேள்வி, "என் மகள்தானே டீச்சர் கடைசி ஆள்?" என்பதுதான். மூன்றாவதாக ஓடுகிறாள் என்று சொன்னால், பிள்ளையை வகுப்பில் பின்வரிசைக்கு மாற்றிவிட்டதைப் போல முகம் மாறும். வெற்றிக்கோட்டைத் தொடும் பிள்ளையைத்தான் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள்; வளைவில் ஓடும் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? ஒன்யாலியின் கதையைச் சொல்லத் தொடங்கினால் மற்ற மூன்று பெண்களின் பெயரையும் சொல்லாமல் முடிக்க முடியாது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

முதலில் எழுத்து. தமிழில் பதாகை அடித்தவர்களுக்குத் தெரியும். கணினியில் நாம் தட்டச்சு செய்து கொடுப்பது ஒன்று, அச்சில் வந்து நிற்பது வேறொன்று. வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் அமைப்பை இயக்காமல் விட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்கும். 'பேட்டன்' (அஞ்சல் ஓட்டத்தில் கைமாற்றும் கோல்) என்று கொடுத்தது படிக்க முடியாத ஒன்றாக வரும். அந்தப் பிழையோடு அச்சிட்டுத் தொங்கவிட்ட பதாகைகளைக் கோயில் வாசலிலேயே பார்த்திருக்கிறேன். இந்தக் கடையில் அந்தத் தொல்லை இல்லை. வடிவமைப்பைக் கவனிக்கும் பெண் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். யூனிகோட் எழுத்துருவில்தான் வேலை செய்கிறாள். தமிழில் தட்டச்சு செய்யும் மென்பொருளான முரசு அஞ்சல் அவள் கணினியில் இருக்கிறது. 'ஐரோப்பா'வையும் 'ஔவை'யையும் கூடச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புகிறாள். இதற்காக மட்டுமே இரண்டு நட்சத்திரம் கொடுக்கலாம்.

மூன்றாவது நட்சத்திரம், அவள் அச்சிடுவதைப் படிக்கிறாள் என்பதற்காக. சில இடங்களில் திருமண வாழ்த்தானாலும் கண்ணீர் அஞ்சலியானாலும் எழுத்தை வெட்டி ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். இவள் இரண்டாவது பலகையைக் கோத்துக்கொண்டிருந்தபோது நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "டீச்சர், இவர் மூன்றாவதாகத்தானே வந்திருக்கிறார்? ஒலிம்பிக்கில் ஒரு தங்கம்கூட இல்லையே. இவருக்கா ஆறு பலகை?"

கேள்வி நியாயமானதுதான். ஒன்யாலியின் ஒலிம்பிக் பதக்கங்கள் இரண்டு, இரண்டுமே வெண்கலம். 1992-இல் பார்சிலோனாவில் 4×100 மீட்டர் அஞ்சல் ஓட்டத்தில் ஒன்று, 1996-இல் அட்லாண்டாவில் 200 மீட்டரில் ஒன்று. பார்சிலோனா பலகைக்காக நான் எழுதிக் கொடுத்ததை அவளுக்கே படித்துக் காட்டினேன். பியாட்ரிஸ் உதோந்து தொடங்கினார். பேட்டன் ஃபெய்த் இதெஹனுக்குப் போனது. அவரிடமிருந்து கிறிஸ்டி ஒபாரா தாம்சனுக்கு. கடைசியாக மேரி ஒன்யாலிக்கு. அமெரிக்கா 42.11 வினாடி, முன்னாள் சோவியத் நாடுகளின் கூட்டணி 42.16, நைஜீரியா 42.39. முடிவு பலகையில் பெயர் வந்ததும் நால்வரும் ஓடுதளத்திலேயே துள்ளிக் குதித்துப் புரண்டு கொண்டாடிய காட்சியை அந்த ஒலிம்பிக்கைப் பார்த்தவர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். தங்கம் வென்ற அமெரிக்கப் பெண்கள் எப்படிக் கொண்டாடினார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அவள் விடவில்லை. "ஜமைக்கா ஓடி முடித்திருந்தால்?" என்றாள். அந்த இறுதிப் போட்டியில் ஜமைக்காவின் ஜூலியட் கத்பர்ட் காயத்தால் பாதியில் நின்றுவிட்டதையும் நான் பலகையில் எழுதியிருந்தேன். 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வென்று வந்தவர் அவர். ஜமைக்கா முடித்திருந்தால் வரிசை மாறியிருக்கலாம். ஆனால் இந்தப் போட்டியின் கணக்கே பேட்டனைக் கடைசிக் கோடு வரை கொண்டு சேர்ப்பதுதான். நான்கு வேகமான கால்கள் இருந்தால் போதும் என்றால், அதற்கு நான்கு தனி ஓட்டங்களை வைத்து நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாமே. அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஜமைக்கா பற்றிய வரியை ஓரத்துக் கட்டத்திலிருந்து எடுத்து நடுவில், அதே எழுத்தளவில் வைத்தாள். நான் சொல்லி அவள் செய்ததல்ல, அவளாகவே செய்தது. பலகைக்கு அதுதான் பொருத்தமான இடம்.

மூன்றாவது பலகை அஞ்சல் ஓட்டம் நடக்கும் முறையைப் பற்றியது. பேட்டனின் நீளம் 28 முதல் 30 சென்டிமீட்டர், எடை 50 கிராமுக்குக் குறையக் கூடாது. முதல் ஆள் வலக்கையில் பிடித்து வளைவின் உள்பக்கம் ஒட்டி ஓடுவார். இரண்டாமவர் இடக்கையில் வாங்குவார். மூன்றாமவர் மறுபடி வலக்கையில். அப்போது யாரும் ஓடும்போது கைமாற்ற வேண்டியதில்லை, வாங்குகிறவர் திரும்பிப் பார்க்க வேண்டியதும் இல்லை. பார்சிலோனா காலத்தில் கைமாற்றும் எல்லை 20 மீட்டர். அதற்கு முன் வேகமெடுக்க 10 மீட்டர் தனியாக இருந்தது. இப்போதைய விதியில் இரண்டையும் சேர்த்து 30 மீட்டராக்கிவிட்டார்கள். இதில் பேட்டனை உண்மையான அளவில், 30 சென்டிமீட்டரில் அச்சிடச் சொல்லியிருந்தேன், பிள்ளைகள் கையை வைத்து அளந்து பார்க்கட்டும் என்று. வந்த பலகையில் அடிக்கோல் வைத்தால் 28-ஐத் தாண்டவில்லை. அச்சு இயந்திரம் தாளுக்குள் அடக்குவதற்காகப் படத்தைத் தானே சுருக்கியிருக்கிறது. விதிப்படி அதுவும் பேட்டன்தான் என்று முதலாளி சிரித்தார். ஆனால் காசு வாங்காமல் மறுபடி அடித்துக் கொடுத்தார்.

தரை ஸ்டிக்கர்தான் இந்த முழு வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது. வினாடிக்கணக்கு பிள்ளைகளுக்குப் புரியாது. 0.28 வினாடி என்றால் கண்ணிமைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அதனால் நேரத்தை நீளமாக மாற்றினேன். 400 மீட்டரை 42 வினாடிக்குச் சற்று மேலான நேரத்தில் கடந்தால் சராசரி வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 9.5 மீட்டர். அந்தக் கணக்கில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே அரை மீட்டர்கூட இல்லை. தங்கத்துக்கும் வெண்கலத்துக்கும் நடுவே 2 மீட்டர் 66 சென்டிமீட்டர். மூன்று கோடுகள், மூன்று கொடிகள், அவ்வளவுதான் ஸ்டிக்கர். அதன் கீழே இன்னொரு சின்னக் கோடு: அட்லாண்டாவின் 200 மீட்டர் இறுதியில் ஒன்யாலி 22.38, நான்காவதாக வந்த அமெரிக்காவின் இங்கர் மில்லர் 22.41. அந்த வித்தியாசம் தரையில் 27 சென்டிமீட்டர். பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் கிடக்கும் அடிக்கோல் அளவுகூட இல்லை. ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் தன் காலணியைக் கழற்றி அந்த இடைவெளியில் வைத்துப் பார்த்தான்.

கடைக்காரர் முதலில் சுவருக்கு ஒட்டும் சாதாரண ஸ்டிக்கர் தாளிலேயே அடித்துவிடலாம் என்றார். பளபளப்பான தரை ஓட்டில் அதை ஒட்டினால் காலுறையோடு ஓடுகிற பிள்ளை ஒன்று நிச்சயம் வழுக்கி விழும். சொரசொரப்பான மேலுறை போட்டுத் தரச் சொன்னேன். விலை கூடியது, ஆனால் மறுக்காமல் செய்தார்கள். மூலைகளை வளைவாக வெட்டித் தந்ததற்குத் தனிக் காசு கேட்கவில்லை. அப்படியும் துடைப்பவர் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு ஒரு முனை எழுந்துவிட்டது. தரையை நன்றாக உலரவிட்டு ஒட்டுங்கள் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அவசரத்தில் பள்ளிப் பணியாளர் ஒட்டியது அது. கடையைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது நிறம்.

ஒன்யாலியின் நிழற்படங்களை இணையத்திலிருந்து எடுத்து அச்சிட முடியாது என்று அந்தப் பெண் முதலிலேயே சொல்லிவிட்டாள். உரிமை நிறுவனங்களுடையது, பெரிதாக்கினாலும் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்றாள். சரிதான். அதனால் எங்கள் ஓவிய ஆசிரியர் நீர்வண்ணத்தில் வரைந்து கொடுத்தார். ஆழ்ந்த பழுப்பு, தோளில் விழும் வெளிச்சத்துக்கு மட்டும் கொஞ்சம் காவி. அதை வருடி (ஸ்கேன் செய்து) கணினியில் ஏற்றி அச்சிட்ட மாதிரியைப் பார்த்தபோது எனக்கு ஒரு நிமிடம் ஆள் யார் என்றே தெரியவில்லை. நிறத்தை அரைப்பங்கு வெளுக்க வைத்திருந்தார்கள். கேட்டேன். முதலாளி ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "பழக்கம் டீச்சர். கல்யாணப் பதாகையானாலும் பிறந்தநாள் பதாகையானாலும், முகத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கு என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். கேட்பதற்கு முன்பே செய்துவிடுகிறோம்."

எனக்குக் கோபம் வந்தது. கடைக்காரர் மேல் முழுவதும் இல்லை, கேட்கிறவர்கள் நாம்தானே. எங்கள் திடலில் வெயிலில் ஓடிக் கறுத்த பெண்பிள்ளைகளிடம், "வெயிலில் ஓடாதே, கறுத்துவிடுவாய், யார் கட்டிக்கொள்வார்கள்" என்று சொல்லி அஞ்சல் ஓட்டத்திலிருந்து விலக்கிக்கொண்ட தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் வந்து நின்று பார்க்கப் போகும் பலகையிலும் வெளுப்பா? திருப்பி அடிக்கச் சொன்னேன். இரண்டாவது மாதிரியில் இருட்டாகி, கண் எங்கே மூக்கு எங்கே என்று தெரியாமல் போய்விட்டது. கறுப்பு மையை மட்டும் கூட்டியிருக்கிறார்கள். அடுத்ததில்தான் மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்துச் சிவப்பையும் மஞ்சளையும் சரிபார்த்துப் பழுப்பைக் கொண்டுவந்தார்கள். கொடியின் பச்சை முதல் தடவையே அழகாக வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பச்சையை யாரும் வெளுக்கச் சொல்வதில்லை போலும். இந்த இடத்தில்தான் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தேன். திரும்ப அடித்ததற்குப் பணம் வாங்காததால் இரண்டாகக் குறைக்கவில்லை.

மற்றப் பலகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாவது உலக வரைபடம்: சியோல் 1988, பார்சிலோனா 1992, அட்லாண்டா 1996, சிட்னி 2000, ஏதென்ஸ் 2004. 1968-இல் பிறந்தவர், இருபது வயதில் முதல் ஒலிம்பிக், முப்பத்தாறில் கடைசி. ஐந்து ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட முதல் நைஜீரியர் அவர். டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் படித்ததை ஒரு வரியில் சேர்த்தேன். படித்தால் ஓட முடியாது என்று நம்பும் பெற்றோருக்காக. ஐந்தாவது பலகை அட்லாண்டா: தங்கம் வென்ற பிரான்சின் மாரி-ஜோஸ் பெரெக்கின் நேரம் 22.12. அந்த ஒலிம்பிக் முடிந்த பிறகு சூரிச்சில் ஒன்யாலி ஓடிய நேரம் 22.07. அந்த ஓட்டம் கொஞ்சம் முன்னதாக வந்திருந்தால் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. அதே அட்லாண்டாவில் நைஜீரியப் பெண்கள் 4×400 மீட்டரில் வெள்ளி வென்றார்கள்: பிசி அஃபொலாபி, ஃபாத்திமா யூசுஃப், சாரிட்டி ஒபாரா, ஃபலிலத் ஒகுன்கோயா. அமெரிக்காவோடு வித்தியாசம் 0.13 வினாடி. ஒன்யாலி அந்த நால்வரில் இல்லை, ஆனாலும் பெயர்களைப் போட்டேன். ஆறாவது நம் ஊர்க்காரர்களுக்கு: தாப்பாவில் பிறந்து 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் 400 மீட்டர் தங்கம் வென்ற எம். ராஜாமணி, 1993-இல் 100 மீட்டரை 11.50 வினாடியில் ஓடி, 2017-இல் சைடாத்துல் ஹுஸ்னியா முறியடிக்கும் வரை தேசியச் சாதனையைக் கையில் வைத்திருந்த ஜி. சாந்தி. தலைமையாசிரியர் இந்தப் பலகையின் முன்தான் படம் எடுத்துக்கொண்டார்.

நான்காவது பலகையால் கடையில் ஒரு சின்ன வாக்குவாதம். 1994-இல் கனடாவின் விக்டோரியாவில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 100 மீட்டர் தங்கம் ஒன்யாலிக்கு. அடுத்த காமன்வெல்த் போட்டி 1998-இல் நம் கோலாலம்பூரில், புக்கிட் ஜாலில் அரங்கத்தில். பட்டத்தைக் காக்க அவர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 1995 நவம்பரில் நைஜீரிய இராணுவ அரசு எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் அவருடன் எட்டுப் பேரையும் தூக்கிலிட்டதால் காமன்வெல்த் அந்த நாட்டை இடைநீக்கம் செய்தது. 1999-இல்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டது. தலைவர்கள் செய்ததற்கு ஓடுகிறவர்கள் வீட்டில் இருந்தார்கள். இங்கே 100 மீட்டர் தங்கம் பஹாமாஸின் சந்த்ரா ஸ்டரப்புக்குப் போனது. செந்தூலிலிருந்து புக்கிட் ஜாலிலுக்கு எல்ஆர்டி ரயில் போகிறது. பிள்ளைகள் நன்றாக அறிந்த அரங்கம், அதில் ஒன்யாலி ஓடவில்லை.

அதனால் பலகையின் வலது பாதியை வெறும் ஓடுதளமாக, ஆளில்லாமல் விடச் சொன்னேன். முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "அச்சு விழவில்லை என்று நினைப்பார்கள் டீச்சர், எங்கள் கடைக்குத்தான் கெட்ட பெயர்" என்றார். அடுத்த மாதிரியில் அங்கே பொன்னிற நட்சத்திரங்களும் ஒரு கோப்பையும் வந்து உட்கார்ந்திருந்தன. எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள். பிறகு அந்தப் பெண் தானாக ஒரு யோசனை சொன்னாள்: ஓடுதளக் கோடுகளை மட்டும் கொஞ்சம் அழுத்தமாகப் போட்டு, ஒரு தடத்தில் சிறிய எழுத்தில் '1998' என்று வைப்போம், அப்போது வேண்டுமென்றே விட்டது என்று தெரியும் என்றாள். இதற்கெல்லாம் அவள் சம்பளத்தில் யார் கூட்டிக் கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. முதலாளி படித்தால் யோசிக்கட்டும்.

விலை: பலகை ஒன்று 42 ரிங்கிட், தரை ஸ்டிக்கர் மேலுறையோடு 95. பிரிக்ஃபீல்ட்ஸில் கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகம்தான். பலகை நல்ல கனம், ஓரங்கள் நேராக வெட்டியிருக்கின்றன, மின்விசிறிக் காற்றில் வளையவில்லை. பள்ளிக்கென்று முறையான விலைக்குறிப்பு கேட்டால் தருகிறார்கள், ஆனால் இரண்டு மூன்று தடவை நினைவூட்ட வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயருக்குப் பற்றுச்சீட்டு எழுதும்போது பக்கத்திலேயே நின்று எழுத்தைப் பாருங்கள். எண்களில் கவனமாக இருக்கும் கடை, சங்கத்தின் பெயரில் மட்டும் அலட்சியம். தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் போகாதீர்கள். பந்திங் (தொங்கும் பதாகை) வேலை குவிந்து கிடக்கும். உங்கள் வேலை அடியில் போய்விடும். கார் நிறுத்த இடம் கிடையாது, கீழே சாப்பாட்டுக் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு வரிசையாக நிறுத்தியிருப்பார்கள்.

இன்னும் ஒன்று. ஆள் முகம் வரும் எந்த வேலையானாலும், மாதிரியைக் கைப்பேசித் திரையில் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள். மாடியேறிப் போய், அச்சிட்ட தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பாருங்கள். வெளுப்பாக்க வேண்டாம் என்று ஆர்டர் தாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் அடுத்த தவணைக்கு ராஜாமணி பலகையை மட்டும் பெரிதாக அடிக்கக் கொடுத்திருக்கிறேன், அந்த வரியை முதலில் எழுதிவிட்டுத்தான்.